மடி தராத தாய்மாமன்

என் ரத்தம் உறையாது. மற்றவர்களுக்கு வெட்டுப்பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் கட்டியாகி வெட்டின் வாயை அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைக்காது. வழிந்துகொண்டே இருக்கும். இதற்கு டாக்டர்கள் ஹீமோபீலியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்துவிட்டதால் நோய் போய்விடவில்லை. ஆனால் பெயர்கூடத் தெரியாமல் மீசை முளைத்த பிறகும் முட்டாளாகத் திரிந்தவன் நான். இந்த மலையில் எந்த லயத்து வீட்டில் எவனுக்கு இது இருக்கிறதோ, அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அக்காள் மகனுக்குக் காது குத்த மடி தராத பாவி என்று என்னைச் சொல்கிறார்கள். நடந்தது என்ன என்று அவர்களும் படிக்கட்டும்.

வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் பார்க்கும் வேலை எனக்கு. எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. என் அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். அப்பா செத்துப்போனார். அக்கா பேச்சியம்மாளைப் பக்கத்து எஸ்டேட் சின்னக் கங்காணிக்குக் கொடுத்திருக்கிறோம். அத்தானின் பெயர் சுடலைமுத்து. கூலிக்காரர்களை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். சத்தமாகப் பேசியே பழகியவர். அவர்களுக்கு ஒரு மகன், முருகன். அப்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.

மழைக்காலத்தில் அட்டை கடிக்காத ஆள் எஸ்டேட்டில் கிடையாது. கடித்த இடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் வழியும். எனக்கு மறுநாளும் வழியும். "மத்தவனுக்கு ரெண்டு ஆள் ரத்தம் ஒனக்கு இருக்குலே" என்று சிரிப்பார்கள். நானும் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். முழங்கால் ஒன்றுமில்லாமல் வீங்கிக்கொள்ளும். வாதம் என்று எண்ணெய் தேய்த்தோம். உள்ளே ரத்தம் கசிந்துதான் வீங்குகிறது என்று எவனுக்குத் தெரியும்?

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் குறடு போட்டுப் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கியது காலையில். ஃபேக்டரியில் சாயங்காலச் சங்கு ஊதியபோதும் நான் ரத்தம்தான் துப்பிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் பஞ்சை வைத்து அமுக்கினார், படிகாரத் தூள் வைத்தார், கடைசியில் "நீ நாக்கை வச்சு நோண்டுறே" என்று என்னைத் திட்டினார். நோண்டவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் எஞ்சின் சக்கரம் என் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியில் என்னையும் ஏற்றி, மலையிறங்கி, மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வளைவுக்கு வளைவு நான் துப்பிய ரத்தத்தைப் பார்த்து லாரிக்காரன் எந்த சாமியையோ கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கும் பயம். நான் லாரியிலேயே செத்தால் போலீஸுக்கு அவன்தானே பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் கால் புண்ணோடு ஒருவன், காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி. நான் கையில் ஒரு தகர டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். டப்பா நிறைவதைப் பார்த்து அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் சாகப்போகிறேன் என்று எனக்கு உறைத்தது. யாரும் சொல்லவில்லை. அவள் தள்ளி உட்கார்ந்ததே சொல்லிவிட்டது.

நர்ஸ் ஒரு மலையாளத்துப் பெண். என் காதில் ஊசியால் குத்தி, வருகிற ரத்தத்தை வடிதாளால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நல்ல ரத்தம் என்றால் சீக்கிரம் தயிர்போல் கெட்டியாகிச் சாயாமல் நிற்குமாம். என்னுடையது தண்ணீர்போல் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பேடிக்கண்டா" என்றாள். பயப்படாதே என்று அர்த்தம். பயப்படவேண்டாத இடத்தில் அந்த வார்த்தையை எவரும் சொல்வதில்லை.

கட்டிலில் ஒரு பக்கமாகத்தான் படுக்கலாம். நேராகப் படுத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். கண்ணயர்ந்தால் வாய் நிறைந்துவிடும், மூச்சு முட்டும், இருமி எழுவேன். அதனால் தூங்கவே பயந்தேன். அம்மா கீழே உட்கார்ந்து என் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் பாம்படம் இல்லை. நீண்ட காது வெறுமையாகத் தொங்கியது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடகுக்கடைக்காரன் பெயரைச் சொல்வாள், அவ்வளவுதான்.

டாக்டர் வந்தார். அவரும் மலையாளி, பாதித் தமிழ், பாதி மலையாளம் பேசுவார். தூக்கமில்லாத கண். வந்ததும் பல்லைப் பார்க்காமல் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். நான் அப்பாவின் தம்பிமார்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லோரும் நல்ல திடமான ஆட்கள், ஒருவருக்கும் இப்படி இல்லை என்றேன்.

"அச்சன் வழி வேண்டா. அம்மைக்கு ஆங்ஙளமார் உண்டோ?"

ஆங்ஙளமார் என்றால் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள். அம்மாவுக்கு இரண்டு பேர். பெரிய மாமா தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி கையில் பட்டு, ரத்தம் நிற்காமலே செத்தார். தேயிலைக்கு நடுவில் நின்ற ஒரு மரத்தில் முனி இருந்தது, அதன் அடியில் வெட்டியதால் அடித்துவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். சின்ன மாமா இன்னும் நன்றாக இருக்கிறார். இதை அம்மா சொல்லச் சொல்ல, டாக்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"முனி அல்ல. அம்மை வழி வந்தது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வாயில் பஞ்சு இருந்ததையும் பார்க்காமல், "எங்க அம்மைக்கு ஒரு நோயும் கிடையாதுய்யா" என்றேன்.

"அதுதன்னெ. அவங்களுக்கு வராது. கொடுக்கும்."

முதலில் உயிர் நிற்கவேண்டும், மற்றது பிறகு என்று சொல்லிவிட்டு, எனக்கு வேறொருவர் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார். யாருடைய ரத்தமும் யாருக்கும் சேர்ந்துவிடாது. கண்ணாடித் தகட்டில் இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்ப்பார்கள். திரிந்து மணல் மணலாகப் போனால் சேராது. அம்மாவுடையது சேரவில்லை. அப்போது பார்க்க வந்த அத்தான், "என்னத எடுத்துக்கிடுங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அவருடையது சேர்ந்தது. ஒரு பாட்டில் நிறைய எடுத்தார்கள். கங்காணி முகம் வெளுத்துப்போய், நர்ஸ் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, "மாப்ள, இனி நீ எங்க சாதிசனம் மாதிரி சண்டைக்கு நிப்பே பாரு" என்று கேலி பேசினார். அந்த ரத்தம் ரப்பர்க் குழாய் வழியே என் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் என் வாயில் ஊறியது வெறும் எச்சில். அத்தான் என் உயிரைக் காப்பாற்றினார். இதை நான் மறைக்கவில்லை. யாரிடமும் சொல்வேன்.

அடுத்து வந்த நாட்களில் டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில சமயம் அவருக்கு எரிச்சல் வந்தது. எனக்கும் வந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கண்ணின் நிறம், முடியின் சுருள், இப்படி உடம்பின் ஒவ்வொரு காரியத்துக்கும் நமக்குள் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. இரண்டும் சேர்ந்து கரைந்துபோவதில்லை. தனித்தனியாகவே இருக்கும். நமக்குப் பிள்ளை பிறக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். எதைக் கொடுப்பது என்று நாம் முடிவு செய்ய முடியாது. சீமையில் ஒரு பாதிரியார் நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்து விளைவித்துப் பார்த்தாராம். முதல் விளைச்சல் எல்லாம் நெட்டை. குட்டை ஒழிந்துபோயிற்று என்று நினைத்தால், அதற்கடுத்த விளைச்சலில் திரும்பவும் வந்து நின்றதாம். ஒழியவில்லை, ஒளிந்திருந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் லயத்துச் செல்லக்கனி ஞாபகம் வந்தாள். அவளுக்குப் பூனைக்கண்ணோடு ஒரு பிள்ளை பிறந்தது. அவளுக்கும் புருஷனுக்கும் கறுப்புக் கண். துரையின் பங்களாவில் வேலை பார்த்தவள் என்று சொல்லிச் சொல்லி, அவளை அடித்தே ஊருக்கு விரட்டினார்கள். அவளுடைய அப்பனைப் பெற்ற கிழவனுக்குப் பூனைக்கண் என்று அவள் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கண் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து வந்திருக்கலாம். அடித்தவர்கள் இன்றைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ரத்தம் உறையும் காரியத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு பங்கு. ஆணுக்கு ஒரே பங்கு, அதுவும் தாயிடமிருந்துதான். எங்கள் ஃபேக்டரியில் ஒரு மிஷினை இரண்டு பெல்ட் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது ஓட்டும். வெளியே இருந்து பார்ப்பவனுக்குப் பழுது தெரியாது. அது என் அம்மா. ஒரே பெல்ட்டில் ஓடும் மிஷினுக்கு அது அறுந்தால் தீர்ந்தது. அது நான். அம்மாவிடம் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. எனக்குக் கெட்டது வந்தது. பாட்டியிடமும் அப்படித்தான் இருந்திருக்கும். பெரிய மாமாவுக்குக் கெட்டது, சின்ன மாமாவுக்கு நல்லது.

நாங்கள் பிள்ளையைப் பார்த்தால் அப்பன் பெயரைக் கேட்கிற ஜனங்கள். நோயையும் அப்பன் வழியில்தான் தேடுவோம். அங்கே இல்லை என்றால் முனி, செய்வினை, கர்மம். தாய்வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அப்படின்னா எங்க அக்காகிட்ட?" என்று கேட்டேன்.

"அறியில்லா. இருக்கவும் பாதி, இல்லாமப் போகவும் பாதி."

"அவ மவனுக்கு?"

"அவகிட்ட உண்டெங்கில், மகனுக்கும் பாதிக்குப் பாதி." காசைச் சுண்டுவதுபோல் விரலைச் சுண்டிக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்ட வேண்டிய காசு. முந்தின பிள்ளைக்கு என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது.

என் காது குத்தியபோது ரத்தம் நாள்கணக்கில் வடிந்தது என்று அம்மா சொல்வாள். ஆசாரியின் கைராசி சரியில்லை என்று அவரை அடிக்கப் போனார்களாம். நான் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. டாக்டரிடம் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு எங்கேயும் குத்தக் கூடாது, வெட்டக் கூடாது, முதலில் இங்கே கொண்டுவந்து ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். அக்காவுக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள்.

ஒரு காலையில் வார்டு வராந்தாவில் அக்காவின் குரல் கேட்டது. புதுச்சேலை. அத்தான் கையில் வெற்றிலைத் தட்டு. அம்மாவின் இடுப்பில் முருகன், பட்டுத்துணி சுற்றி, நெற்றியில் பொட்டு. பின்னால் ஒரு ஆசாரி, கையில் சின்னப் பை.

அக்கா என் கட்டிலருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தம்பி, ஒன் ஒடம்பு எப்பிடி இருக்குமோன்னு எங்களுக்கு ஒரே பயம். தாய்மாமன் மடியில வச்சுக் குத்தலைன்னா அது குறையா போயிரும். நாள் பாத்துட்டு வந்திருக்கோம். நீ சும்மா உக்காந்தா போதும்."

எனக்குப் புரிந்தது. நான் செத்துப்போவேன், அதற்குள் காதைக் குத்திவிட வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் ஜனங்கள் அப்படித்தான். தாய்மாமன் மடி என்பது பிள்ளைக்கு உரிமை.

"குத்தக் கூடாது" என்றேன்.

"என்ன சொல்லுத?"

"எனக்கு இருக்கது இவனுக்கும் இருக்கலாம். அம்மா வழியா வாரது. ஒன் வழியா இவனுக்கு வந்திருக்கலாம். டாக்டர் வரட்டும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்துருவாரு."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தான் தட்டைக் கட்டிலில் வைத்தார்.

"எம் மவனுக்கு நோவா? எங்க வம்சத்துல எவனுக்குலே இருக்கு?"

"ஒங்க வம்சத்துல இல்ல அத்தான். எங்க பக்கம்."

"ஒங்க பக்கம் ரத்தம் எம் மவனுக்கு எப்பிடிலே வரும்? அவன் எம் மவன்."

"அவளும்தான் பெத்தா."

ஆசாரி நேரம் போகிறது என்று இருமினார். டாக்டர் எங்கே என்று நர்ஸைக் கேட்டேன்; ஆபரேஷனில் இருக்கிறார் என்றாள். வரும்வரை பொறுக்கச் சொன்னேன். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பிள்ளையைச் சோதித்துப் பார்க்க அது என்ன கடைச்சரக்கா என்றார். நாளைக்கு இது வெளியே தெரிந்தால் இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்றார். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தை, பிள்ளைய இவன் மடியில வைங்க" என்று அதட்டினார்.

அம்மா வைத்தாள். முருகன் என்னைப் பார்த்துச் சிரித்து, என் மூக்கைப் பிடித்தான். அவன் காது மடல் வெற்றிலைக் கொழுந்துபோல் இருந்தது. ஆசாரி பையிலிருந்து தங்கக் கம்பியை எடுத்தார். நான் பிள்ளையின் இரண்டு காதையும் என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"கைய எடு."

"எடுக்க மாட்டேன். குத்துறதுன்னா எங் கையக் குத்தட்டும்."

அத்தான் குனிந்து என் முகத்துக்கு நேரே சொன்னார்: "எங் கையில இருந்து எடுத்த ரத்தம் ஒன் ஒடம்புல ஓடுது. எம் மவனுக்கு மடி தர மாட்டியோ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் கொடுத்த ரத்தம் சில நாளில் என் உடம்பில் இல்லாமல் போய்விடும். நான் பிறந்தபோது வந்த பழுது போகாது. வம்சம் ரத்தத்தில் ஓடுவதில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். மடியில் உட்காரவைத்த மருமகனைத் தாய்மாமனே இறக்கிவிட்டால் அதற்கு எங்களிடையே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அக்கா அழவில்லை. "நல்லா இரு" என்று மட்டும் சொன்னாள். போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரி நாட்களில் நான் அதிகம் பயந்தது ரத்தம் துப்பியபோது அல்ல, அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான். வார்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எனக்குச் சேதி வருகிறது என்று நினைப்பேன். டாக்டர் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஞான் இருந்திருக்கணும்" என்று சொல்லி என் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அம்மாதான் சேதி கொண்டுவந்தாள். அத்தான் சொன்னபடி, ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்களாம்.

"ரத்தம்?" என்றேன்.

"ஒரு பொட்டு. தொடச்சதும் நின்னு போச்சு."

நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். முருகன் தப்பித்தான். எனக்கு அது போதும். ஆனால் எஸ்டேட்டுக்குத் திரும்பியதும் வேறு கதை. "என்னல, ஒன் டாக்டர் ஜோசியம் பொய்யா போச்சே" என்று ஃபேக்டரியில் கேட்கிறார்கள். கடைத்தெருவில் அத்தான் என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார். மடி தராதவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. இருக்கட்டும். அக்காவுக்குப் பாதி, மகனுக்கு அதில் பாதி, ஆக நாலில் ஒரு பங்கு ஆபத்து என்றால் மூன்று பங்கு பிழைக்கும். பிழைத்துவிட்டான் என்பதற்காக அந்த ஒரு பங்கு பொய்யாகிவிடாது. இதை எத்தனை பேருக்கு நின்று விளக்குவது?

போன வாரம் அக்கா மட்டும் வந்தாள், அத்தானுக்குத் தெரியாமல். வயிறு மேடிட்டிருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"முருகனுக்கு ஒண்ணும் ஆவலையே. அப்ப எங்கிட்ட அந்தக் கெட்டது இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்பிடி சொல்ல முடியாது அக்கா. ஒங்கிட்ட ரெண்டும் இருந்து, அவனுக்கு நல்லதக் குடுத்திருப்பே. இதுக்கு எதக் குடுத்திருக்கியோ."

"பொட்டப்புள்ளையா இருந்தா?"

"அவளுக்கு ஒண்ணும் செய்யாது. அவ பெறுத மவனுக்குச் செஞ்சாலும் செய்யும்."

அவள் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதாலே ஒனக்கு" என்றாள்.

"தெரியாது."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"பயலா பொறந்தா ஒன் மடியிலதான் கொண்டாந்து வைப்பேன்" என்றாள். "வெறுங்கையோட வருவேன். ஆசாரி வேண்டாம்."

சரி என்றேன். பிள்ளை ஆவணியில் பிறக்கும் என்கிறார்கள். இரண்டு பேரும் பயந்துகொண்டு இருக்கிறோம்.